ஃபேனை நிறுத்திவிட்டுப் பாடியவை

ஏப்ரல் 9

ஆல்பத்தைத் தளங்களுக்கு அனுப்பும் படிவத்தை ஒருவழியாக நிரப்பி முடித்தேன். எழுதியவர், இசை, பாடியவர் மூன்றுக்கும் என் பெயரே. 'வகை' என்ற இடத்தில்தான் முழித்தேன். பட்டியலில் பக்தி இருக்கிறது, நாட்டுப்புறம் இருக்கிறது, திரைப்படம் இருக்கிறது. தண்ணீர் லாரி டிரைவரிடம் மூன்றாவது மாடிப் பெண் கெஞ்சும் டூயட் எதில் சேரும்? 'பாப்' என்று போட்டுவிட்டேன்.

கீழ்வீட்டு அக்கா மாடிப்படியில் பிடித்துக்கொண்டார்.

"பாட்டு வருதாமே, எந்தப் படம்மா?"

"படம் இல்லக்கா, சும்மா பாட்டுதான்."

"ஓ, யூடியூபா?"

"ஆமாக்கா."

அவருக்கு நிம்மதி. நம் ஊரில் பாட்டு என்றால் பின்னால் ஒரு படம் இருந்தாக வேண்டும். தனியிசை என்று பத்திரிகைகள் எவ்வளவு எழுதினாலும் மாடிப்படிக் கேள்வி மாறவில்லை.

ஏப்ரல் 11

அறிமுகக் குறிப்பு இன்னும் எழுதவில்லை. கிட்டார் வாசித்துக் கொடுத்த நண்பன், "உன் கதையை எழுது. துணி அலமாரிக்குள்ள தலையை விட்டுப் பாடினது, ஃபேன் இல்லாம வேர்த்துக் கொட்டினது எல்லாத்தையும் போடு. ஜனங்களுக்கு அதுதான் பிடிக்கும்" என்கிறான். எனக்கு அதில் துளியும் விருப்பமில்லை. கஷ்டத்தைச் சொல்லிக் கூப்பிட்டால் கேட்பவர் பாவம் பார்த்துக்கொண்டே கேட்பார். இவை சிரிக்க எழுதிய பாட்டுகள்.

இரவு பால் மெக்கார்ட்னியின் முதல் தனி ஆல்பத்தைப் போட்டுக் கேட்டேன். 1970 ஏப்ரலில் வந்தது. லண்டன் வீட்டிலேயே ஸ்டூடர் நான்கு டிராக் இயந்திரத்தை வைத்துப் பெரும்பகுதியைப் பதிவு செய்தார். ஒலி அளவு காட்டும் மீட்டர்கூட இல்லாமல், மைக்கை நேராக இயந்திரத்தில் செருகிப் பாடினார். வாத்தியங்கள் எல்லாம் அவரே. மனைவி லிண்டா கூடப் பாடினார். முதல் பாட்டு, இயந்திரம் வேலை செய்கிறதா என்று பார்க்கப் பாடியது. அதன் தாளம் ஒரு புத்தகத்தைக் கையால் தட்டியது. கதவு கிரீச்சிடுவதும் கேட்கும். கோடீஸ்வரர், கீலுக்கு எண்ணெய் விடச் சொல்லியிருக்கலாம். விடவில்லை, நல்லவேளை.

இதையெல்லாம் அவரே பத்திரிகைக்காரர்களுக்குக் கொடுத்த தாளில் பாட்டு வாரியாக எழுதியிருந்தார். கூடவே ஒரு கேள்வி-பதிலும் வைத்தார். பீட்டில்ஸ் கூட்டாளி ஜான் லெனனோடு சேர்ந்து மறுபடி பாட்டு எழுதுவீர்களா என்ற கேள்விக்கு, இல்லை என்று பதில். அவ்வளவுதான், ஏப்ரல் 10 அன்று பீட்டில்ஸ் உடைந்த செய்தி உலகம் முழுக்க ஓடியது. புத்தகத்தைத் தட்டியதை யார் படித்தார்கள்? ஆல்பம் கடைக்கு வந்தது 17ஆம் தேதி. அதற்குள் கதை பாட்டை விழுங்கிவிட்டது. நண்பனுக்கு இதைச் சொன்னேன். "நீ என்ன பீட்டில்ஸா?" என்றான். நியாயம்தான். ஆனாலும் பாட்டைப் பற்றிய அந்தத் தாள்தான் என் கட்சி.

ஏப்ரல் 14, சித்திரை முதல் நாள்

அம்மா போனில் வாழ்த்திவிட்டு, "அந்த டப்பா சத்தம் வர்ற பாட்டை வைடி" என்றாள். மூன்றாவது பாட்டு. ஸ்டிக்கரில் 'கடுகு' என்று எழுதிய எவர்சில்வர் சம்படம். பாதி அரிசி போட்டுக் குலுக்கினால் மழை போல இரைகிறது. ஒரு கைப்பிடி மட்டும் போட்டால் ஒவ்வொரு மணியும் தனியாக விழுகிறது. மூடியை அரைச் சுற்று தளர்த்தினால் அடியில் 'டிக்' என்று ஒரு உலோக ஒலி. அந்த 'டிக்'தான் தாளத்தின் இரண்டாவது அடி. கணினியில் ஆயிரம் ஷேக்கர் ஒலிகள் கிடக்கின்றன; இந்தத் தளர்ந்த மூடி எதிலும் இல்லை.

இப்படிக் குறையோடு பதிந்த இன்னொருவர் அமெரிக்கப் பாடகர் டேனியல் ஜான்ஸ்டன்: சாதாரண கேசட் ரெக்கார்டரில் பாடி, அட்டைப் படத்தையும் தானே வரைந்து, டெக்சாஸின் ஆஸ்டினில் எதிரில் வந்தவர் கையிலெல்லாம் கொடுத்தவர். 1983இல் அவர் பதிந்த கேசட்டின் படம் போட்ட டி-ஷர்ட்டை 1992இல் ராக் பாடகர் கர்ட் கோபேன் மாட்டிக்கொண்டு வந்த பிறகு இன்னும் பலர் திரும்பிப் பார்த்தார்கள். அந்தக் கேசட்டுகளின் இரைச்சலைச் சுத்தம் செய்தால் பாதி ஜான்ஸ்டன் போய்விடுவார் என்பது என் எண்ணம்.

ஏப்ரல் 16

காசுக் கணக்கு. ஸ்பாட்டிஃபையில் 2024 முதல் ஒரு பாட்டு பன்னிரண்டு மாதத்தில் 1,000 முறையாவது ஓடினால்தான் ஒலிப்பதிவுக்கான பங்கு. பேண்ட்கேம்பில் நேராக விற்றால் டிஜிட்டல் விற்பனையில் 15 சதவீதம் அவர்களுக்கு, கட்டணம் போக மீதி எனக்கு. என் சொந்தக்காரர்கள் எல்லோரும் கேட்டாலும் 1,000 தேறாது. ஆகவே இரண்டிலும் போடுகிறேன், நம்பிக்கை இரண்டாவதில்.

ஏப்ரல் 17

குறிப்பு தயார். இப்படித்தான் போகிறது:

'இது எந்தப் படத்திலும் வராது. முதல் பாட்டில் கேட்கும் லாரி ஹார்ன் நிஜம். மூன்றாவதில் கடுகு டப்பா, உள்ளே அரிசி. ஐந்தாவது பாட்டு, மோட்டாரை நிறுத்த மறந்தவரை மொத்தக் குடியிருப்பும் திட்டுவது. கோரஸில் எல்லாக் குரலும் நான்தான். கடைசிப் பாட்டில் குக்கர் விசில் சுருதியோடு சேர்ந்தது தற்செயல். ஹெட்ஃபோன் வேண்டாம், சமைத்துக்கொண்டே சத்தமாக வையுங்கள். பிடித்தால் ஒரு பாட்டையாவது காசு கொடுத்து வாங்குங்கள். பிடிக்கவில்லையென்றால் எந்த இடத்தில் நிறுத்தினீர்கள் என்று எழுதுங்கள்.'