இரண்டு லூசிகள்

நியூயார்க் மாநிலத்தின் மேற்குக் கோடியில், ஷட்டாக்வா ஏரிக்கரையில் உள்ள செலரான் என்னும் சிற்றூரின் பூங்காவில் ஒரே நடிகைக்கு இரண்டு வெண்கலச் சிலைகள் நிற்கின்றன. ஒன்றை ஊரார் விரும்பி வைத்தனர், மற்றதை அகற்றக் கோரி ஊருக்கு வெளியிலிருந்தும் கூச்சல் எழுந்த பிறகும் அகற்றாமல் வைத்திருக்கின்றனர்.

அந்நடிகை, அருகிலுள்ள ஜேம்ஸ்டவுனில் 1911 ஆகஸ்ட் 6 அன்று பிறந்து செலரானில் வளர்ந்த லூசில் பால். ஒரே மாந்தர்கள் வாரந்தோறும் புதிய சிக்கலில் மாட்டிக்கொள்ளும் சூழ்நிலை நகைச்சுவை என்னும் தொலைக்காட்சி வகைக்கு, 1951 முதல் 1957 வரை ஒளிபரப்பான ‘ஐ லவ் லூசி’யின் வாயிலாக அவர் இலக்கணம் வகுத்தார் எனலாம். 1952-இல் வந்த ஒரு பகுதியில், சாராயம் கலந்த ஒரு சத்து டானிக்கின் விளம்பரத்துக்கு ஒத்திகை பார்க்கும் லூசி, கரண்டி கரண்டியாக அதைக் குடித்துக் குடித்தே போதையேறி, டானிக்கின் பெயரைக்கூடச் சொல்ல முடியாமல் நாக்குழறுவார். 2009-இல் நிறுவப்பட்ட முதல் சிலை அந்தப் புட்டியையும் கரண்டியையும் ஏந்தியது. ஆனால் விழி பிதுங்கிப் பல் தெரிய நின்ற அதற்கு ‘பயங்கர லூசி’ என்ற பெயரே நிலைத்தது. 2015-இல் அதன் படம் எங்கும் பரவ, சிற்பி வருத்தம் தெரிவித்தார். மறு ஆண்டு, நடிகையின் 105-ஆம் பிறந்தநாளில், கரோலின் பால்மர் வடித்த புதிய சிலை திறக்கப்பட்டது.

முச்சந்திதோறும் சிலை கண்டு வளர்ந்த தமிழ்நாட்டுப் பயணிக்குச் சாயல் ஒரு பொருட்டே அன்று; மாலையும் பெயர்ப்பலகையும் இருந்தால் ஆள் இன்னார் என்பது விளங்கிவிடும். இவ்வழக்கத்துக்கு விலக்காக, 2018 பிப்ரவரியில் சென்னையில் திறக்கப்பட்ட ஜெயலலிதா சிலையில் அவருடைய முகம் இல்லை என்ற குறை எழுந்து, அதே ஆண்டு நவம்பரில் வேறு சிலை அவ்விடத்தைப் பிடித்தது. பிழையான சிலை என்றால் கண்ணில் படாமல் அப்புறப்படுத்துவதே முறை என்ற எண்ணத்தோடும், செலரான்காரர்களுக்கு வெட்கமில்லை என்ற சிறு ஏளனத்தோடும் அப்பயணி பூங்காவுக்குள் நுழைந்தார்.

புதிய சிலையில் குறை சொல்ல ஏதுமில்லை: புள்ளியிட்ட ஆடையும் முகமும் நிற்கும் நளினமும் லூசில் பாலுடையனவே. ஆயினும் அது, ஒப்பனை முடித்துப் புகைப்படக்காரருக்காகக் காத்து நிற்கும் நட்சத்திரம். லூசில் பாலோ, இளமையில் ஆடை விளம்பர மாடலாக இருந்தும், அந்த அழகிய முகத்தை ஆயிரம் விதமாகக் கோணியே மக்களைச் சிரிக்கவைத்தவர். சற்றுத் தள்ளி நிற்கும் பழைய சிலை அந்தக் கோணலைப் பிடிக்க முயன்று தோற்றது. கண்களில் குறும்பு இல்லாததால் நகைப்புக்கு மாறாக அச்சமே எஞ்சியது. இருப்பினும் எதைப் பிடிக்க வேண்டும் என்பதை முதல் சிற்பி சரியாகவே தேர்ந்தார் என்று தோன்றியபோது, பயணியின் ஏளனம் அரைகுறையாய்க் கரைந்தது.

ஊரார் அதை விட்டுவைத்ததற்குக் காரணம் இத்தகைய கலை ஆராய்ச்சியன்று. அதைக் காணவே ஆட்கள் வருகின்றனர் என்பதுதான். அன்று மாலையும் பழைய சிலைக்குப் பக்கத்தில் சிறுவர்கள் இல்லாத கரண்டியை உயர்த்திப் பிடித்து வாயைக் கோணிக் காட்டினர். புதிய சிலையின் முன் வந்ததும் தலைமுடியைச் சரிசெய்துகொண்டு நேராக நின்றனர்.