உத்தரமேரூருக்கு வரும் அன்பர்களுக்கு

உத்தரமேரூருக்கு வருகிற அன்பர்களில் பெரும்பாலோர் இங்கே கால் மணி நேரத்துக்கு மேல் தங்குவதில்லை. வைகுண்டப் பெருமாள் கோவிலருகே வண்டியை நிறுத்துவார்கள், "ஜனநாயகம் பிறந்த இடம் இதுதானே?" என்று கேட்பார்கள், சுவரின் முன் நின்று படம் பிடித்துக்கொள்வார்கள், உடனே பட்டுப் புடவை வாங்கக் காஞ்சீபுரத்துக்குப் பறப்பார்கள். இவ்வூரில் உபாத்தியாயராக இருப்பதால், வருகிறவர்களுக்கு வழி காட்டும் பொறுப்பு அடிக்கடி நம் தலையில் விழுகிறது. அந்த அநுபவத்தைக் கொண்டு சில யோசனைகள் கூறத் துணிகிறோம்.

முதலாவது, காலையிலேயே வந்துவிட வேண்டும். காஞ்சீபுரத்திலிருந்து சுமார் 30 கிலோ மீட்டர்தான். பஸ் வசதி உண்டு. வெயில் சாய்வாக விழும்போதுதான் கல்லெழுத்துக்கள் தெளிவாகத் தெரியும். எழுத்துப் புலப்படவில்லையே என்று மாவையோ சுண்ணாம்பையோ எடுத்துப் பூசிவிடாதீர்கள். ஆயிரத்து நூறு ஆண்டு மழையையும் வெயிலையும் தாங்கிய எழுத்து, நம்முடைய ஆவலைத் தாங்காது போகலாம்.

இரண்டாவது, என்ன எழுதியிருக்கிறது என்பதை முன்பே அறிந்துகொண்டு வருவது நலம். முதற் பராந்தக சோழன் காலத்தில், கி. பி. 919-லும் 921-லும் இச்சபையார் செய்த இரண்டு ஏற்பாடுகள் இங்கே பொறிக்கப்பட்டிருக்கின்றன. முதல் ஏற்பாட்டில் கண்ட குறைகளை இரண்டே ஆண்டில் திருத்திக்கொண்டார்கள் என்பது கவனிக்கத் தக்கது. ஊரை 30 குடும்புகளாகப் பிரித்தார்கள். தகுதியுள்ளவர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டார்கள். சபை முழுவதும் கூடியிருக்க, விவரம் அறியாத ஒரு சிறுவனைக் கொண்டு ஓலையை எடுக்கச் செய்தார்கள். அதை வாங்குகிறவர் ஐந்து விரலும் விரித்த உள்ளங்கையில் வாங்கி, எல்லோரும் கேட்கப் படிக்க வேண்டும். மூடிய கையில் ஓலை மாறிவிடக்கூடும் அல்லவா? இப்படி வந்த 30 பேரில் 12 பேர் ஸம்வத்ஸர வாரியம், 12 பேர் தோட்ட வாரியம், 6 பேர் ஏரி வாரியம்.

எல்லாவற்றிலும் நமக்கு மிகவும் பிடித்த விதி ஒன்று உண்டு. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமற் போனவர் பெயரைக் குடத்தில் இடக் கூடாது. அவருடைய மாமன், மாமனார், மைத்துனன் முதலிய உறவினருக்கும் அதே கதிதான்!

நம்முடைய பழைய மாணவர் ஒருவர் இத்தாலி தேசம் சென்று, அழகுக்கும் நாகரிகத்துக்கும் பேர்போன பிளாரென்ஸ் நகரத்தில் ஐந்து நாள் தங்கி வந்தார். "அவசரப்பட்டால் ஒன்றும் விளங்காது, ஸார், ஒரு தெருவுக்கு ஒரு பொழுதாவது வேண்டும்" என்றார். அந்நகரத்தாரும் 1328-ஆம் ஆண்டு முதல் குடிகளின் பெயர்களைப் பைகளில் இட்டுக் குலுக்கியே பதவி கொடுத்தார்கள். வரிப் பாக்கி வைத்தவனுக்கு அங்கேயும் பதவி கிடையாது. அவ்வூருக்கு ஐந்து நாள் கொடுப்பவர்கள், அதற்கு நானூறு ஆண்டு முற்பட்ட ஏற்பாட்டைக் காண ஒரு பகலாவது கொடுக்கலாகாதா?

அப்படிக் கொடுப்பவர்கள் சுந்தர வரதராஜப் பெருமாள் கோவிலையும் விடக் கூடாது. பல்லவர் காலத்தில் எழுந்த மூன்று நிலை விமானம் அது. கீழே நின்ற கோலம், நடுவே அமர்ந்த கோலம், மேலே கிடந்த கோலம். நடுப்பகலில் நடை சாத்திவிடுவார்கள். ஆகையால் அதற்கு முன்பே படியேறுங்கள். மாலையில் ஏரிக்கரைக்கு நடந்து செல்லுங்கள். சாசனங்கள் வைரமேக தடாகம் என்று கூறும் ஏரி இது. ஏரி வாரியம் எதற்காக ஏற்பட்டது என்பது கரைமேல் நின்றால்தான் விளங்கும்.

கடைசியாக ஒன்று. குழந்தைகளை அழைத்து வருகிறவர்கள் அவர்களுக்கு உண்மையைச் சொல்லுங்கள். ஒரு சமயம் வகுப்புப் பிள்ளைகளை இச்சுவரண்டை அழைத்துச் சென்றிருந்தோம். ஒரு சிறுமி, "அந்தக் குடத்தில் என் அம்மா பெயரும் இருந்திருக்குமா, ஸார்?" என்று கேட்டாள். இராது என்றோம். அது அந்தணர் சபை. வரி செலுத்தும் கால் வேலி நிலம், சொந்த மனையில் வீடு, வேதப் பயிற்சி, 35-க்கு மேல் 70-க்குள் வயது, இத்தனையும் உடைய ஆடவருக்கே பெயர் ஏறும். வேதம் மிகுதியாகக் கற்றவருக்கு நிலத்தில் மட்டும் சலுகை உண்டு. உழுதவர் பெயரும் நெய்தவர் பெயரும் அதில் இல்லை. இன்றோ 2016-ஆம் ஆண்டுச் சட்டப்படி, தமிழ்நாட்டின் உள்ளாட்சி இடங்களில் பாதி பெண்களுக்கு உரியது. சிறுமிக்கு இதையும் சொன்னோம். அவள் முகம் மலர்ந்தது.

இதைச் சொல்வதால் ஊரின் பெருமை குறைந்துவிடுமோ என்று சில அன்பர்கள் அஞ்சுகிறார்கள். நமக்கு அந்த அச்சம் இல்லை. தன் விதியைத் தானே திருத்திக்கொண்ட சபையின் சுவர் அது; அதன் முன்னே பொய்ப் பெருமை பேசுவதுதான் பிழை. ஆகவே பார்த்துவிட்டு ஊர் திரும்பிய பிறகு, உங்கள் ஊர்ச் சபை கூடும்போது ஒருமுறை போய், சென்ற வருஷத்துக் கணக்கைக் கேளுங்கள். உத்தரமேரூருக்கு வந்து போனதன் பலன் அதுவே.