ஐந்தா, ஆறா, ஏழா?

கோவையில் சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு பட்டறை. இரண்டு கார் நின்றால் மூன்றாவது தெருவில்தான் நிற்க வேண்டும். முன்பக்கம் சர்வீசுக்கு வந்த குடும்பக் கார்கள். பின்பக்கம் தகரக் கூரைக்கு அடியில், செட்டிப்பாளையம் கரி ஸ்பீடுவே டிராக்கில் ஓடும் வண்டிகள். ஸ்பார்க் பிளக்கின் ஹீட் ரேஞ்சை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று பார்க்க எனக்கு இதைவிடத் தோதான இடம் கிடைத்திருக்காது. அலுவலகத்துக்கும் வீட்டுக்கும் மட்டும் போய்வரும் காரும், ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்தே ஓடும் காரும் ஒரே கையின் ஸ்பேனருக்குத்தான் வருகின்றன.

போனதும் மெக்கானிக் இரண்டு பிளக்கை என் கையில் கொடுத்தார். எண் இருக்கும் இடத்தில் டேப் ஒட்டியிருந்தது.

"இதுல எது ஹாட்டு, எது கோல்டுன்னு சொல்லுங்க பார்க்கலாம்."

ஒரே திரெட், ஒரே ஸ்பேனர் அளவு, ஒரே வெள்ளைப் பீங்கான். உருட்டி உருட்டிப் பார்த்தும் வித்தியாசம் தெரியவில்லை. அவர் ஒரு மெல்லிய கம்பியை எடுத்து, பீங்கான் மூக்குக்கும் வெளி உலோகக் கூட்டுக்கும் நடுவே இருக்கும் இடைவெளியில் விட்டார். ஒன்றில் கம்பி ஆழமாக இறங்கியது. மற்றதில் கொஞ்சம் போனதும் முட்டி நின்றது. டேப்பை உரித்தார். ஆழமாகப் போனது பிபிஆர்5இஎஸ், முட்டியது பிபிஆர்8இஎஸ்.

ஹீட் ரேஞ்ச் என்பது இந்த ஆழம்தான். எரியறைக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் பீங்கான் மூக்கு வாங்கும் சூடு, அது கூட்டைத் தொடும் இடம் வரை மேலேறி, அங்கிருந்து திரெட்டும் வாஷரும் வழியாக ஹெட்டுக்குப் போய், கூலன்டில் கலக்க வேண்டும். மூக்கு நீளமாக இருந்தால் சூடு வாங்கும் பரப்பும் அதிகம், வெளியேறும் வழியும் தூரம். அதனால் நுனி சூடாகவே இருக்கும். அது ஹாட் பிளக். மூக்கு குட்டையாக இருந்தால் சூடு சீக்கிரம் கழிந்துவிடும். அது கோல்ட் பிளக். என்ஜிகே கம்பெனியின் கணக்கில் ஒரு எண் மாறினால் நுனியின் வெப்பம் ஏறத்தாழ 70 முதல் 100 டிகிரி வரை மாறும்.

அந்த நுனி 500 முதல் 800 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும் என்பதுதான் குறி. 450-க்குக் கீழே போனால் படிகிற கரி எரிந்து போகாது. பீங்கான் மேல் கரி பூசிக்கொண்டால் மின்சாரம் இடைவெளியைத் தாண்டாமல் கரி வழியாகவே இறங்கிவிடும், வண்டி மிஸ்ஸிங் ஆகும். 800-ஐத் தாண்டித் தாண்டி ஏறினால் ஆபத்து எதிர்ப்பக்கம். நுனியே கனல்போல் ஆகி, பொறி வருவதற்கு முன்பே பெட்ரோல் கலவையைப் பற்ற வைத்துவிடும். பிஸ்டன் மேலே வந்துகொண்டிருக்கும்போதே எரிப்பு தொடங்கினால் பிஸ்டனில் ஓட்டை விழும். கரி பிடித்த பிளக்கால் நடுவழியில் நிற்பீர்கள். உருகிய பிளக் இன்ஜினையே கேட்கும். அதனால் சந்தேகம் வந்தால் ஒரு எண் கோல்டாகத் தவறுவது மேல் என்பது டிராக் ஆட்களின் வழக்கம்.

ஹாட் பிளக் சூடான பொறியைத் தரும், கோல்ட் பிளக் இன்ஜினைக் குளிர்விக்கும் என்று பேச்சு உண்டு. இரண்டும் பொய். இன்ஜின் எவ்வளவு சூடு உண்டாக்குகிறது என்பதில் பிளக்குக்குப் பங்கே இல்லை. அந்தச் சூட்டில் தன் நுனியில் எவ்வளவை வைத்துக்கொள்கிறது என்பது மட்டும்தான் அதன் கையில். எண்ணை மாற்றினால் பவர் கூடும் என்று விற்கிற கடைக்காரர், என்னைக் கேட்டால், பெட்டியை மட்டும்தான் படித்திருக்கிறார்.

பெட்டியைப் படிப்பதும் அத்தனை சுலபம் இல்லை. என்ஜிகே, டென்சோ இரண்டிலும் எண் கூடக்கூட கோல்ட். என்ஜிகே 5-க்கு டென்சோ 16, 6-க்கு 20, 7-க்கு 22. பாஷ், சாம்பியன் இரண்டும் தலைகீழ், எண் கூடினால் ஹாட். பாஷின் பழைய எண்களோ 145, 175, 225 என்று போகும், அதில் பெரிய எண்தான் கோல்ட். பிறகு ஒற்றை இலக்கத்துக்கு வந்தபோது திசையும் திரும்பிவிட்டது. பாஷ் பிளக்கை இன்னமும் மைக்கோ பிளக் என்றே சொல்லும் பழைய மெக்கானிக்குகள் இங்கே நிறைய. ஒரு கம்பெனியின் 7-க்கு இன்னொரு கம்பெனியின் 7 என்று எண்ணைப் பார்த்து எடுத்து மாட்டினால் வண்டி எந்தப் பக்கம் சாயும் என்று சொல்ல முடியாது.

எண்ணைச் சுற்றி இருக்கும் எழுத்துகளையும் அவர் விடவில்லை. முதல் பி என்றால் 14 மி.மீ. திரெட். அடுத்த பி, மூக்கு கூட்டைவிட வெளியே நீண்டிருக்கிறது என்பதற்கு. வெளியே தெரியும் அந்த நீளத்தைப் பார்த்து ஹாட்டா கோல்டா என்று முடிவு செய்கிறவர்கள் உண்டு, அது வேறு, இது வேறு. ஆர் என்றால் உள்ளே ரெசிஸ்டர் இருக்கிறது. இ என்றால் திரெட் நீளம் 19 மி.மீ. அந்த இ இருக்க வேண்டிய இடத்தில் ஹெச் இருந்தால் 12.7 மி.மீ. நீளம் மாறிய பிளக்கை மாட்டினால் ஒன்று பிஸ்டன் இடிக்கும், இல்லையென்றால் ஹெட்டின் திரெட் திறந்து கிடந்து கரி ஏறும்.

முன்பக்கம் நின்ற சிவப்பு ஹாட்ச்பேக் காலையில் ஸ்டார்ட் ஆக அடம் பிடிக்கிறதாம். நான்கு பிளக்கையும் கழற்றி, சிலிண்டர் வரிசை மாறாமல் துளை போட்ட கட்டையில் செருகி வைத்தார். நான்கும் உலர்ந்த கறுப்பு, விரலால் தேய்த்தால் ஒட்டும் கரி. எண்ணைப் பார்த்தார். மேனுவல் சொல்வது 6, உள்ளே இருந்தது 7. கோடை வெயிலுக்கு நல்லது என்று வேறொரு கடையில் மாட்டி விட்டிருக்கிறார்கள்.

"வெயிலுக்கும் பிளக்குக்கும் என்னங்க சம்பந்தம்? வெளிய 38 டிகிரின்னா உள்ள எரியுறது 2000-க்கு மேல."

அந்தக் கார் தினமும் மூன்று கிலோமீட்டர் போய், மூன்று கிலோமீட்டர் திரும்புகிறது. பிளக் சூடாவதற்குள் சாவியைத் திருப்பி விடுகிறார்கள். இந்த ஓட்டத்துக்கு 6-கூடக் கொஞ்சம் கரி பிடிக்கும். அப்படியானால் 5 போட்டால் என்ன என்று கேட்டேன். தலையை ஆட்டினார். இதே கார் விடுமுறையில் ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு மேட்டுப்பாளையம் தாண்டிக் குன்னூர் ஏறும். ஏசி ஓடும், இரண்டாவது கியர், அடுத்தடுத்துக் கொண்டை ஊசி வளைவு. கம்பெனிக்காரன் இந்த இரண்டு முனைக்கும் நடுவில் பார்த்துத்தான் 6 என்று எழுதியிருக்கிறான். 6 மாட்டி, வாரம் ஒருமுறை பைபாஸில் அரை மணி நேரம் ஓட்டச் சொல்லி அனுப்பினார்.

அடுத்த காரின் பிளக்குகளில் மூன்று இளம் பழுப்பு. மூன்றாவது சிலிண்டருடையது மட்டும் ஈரமாக, பளபளவென்று கறுப்பு. முகர்ந்து பார்த்தால் பெட்ரோல் வாசனை இல்லை, எஞ்சின் ஆயில். உரிமையாளர் பக்கத்திலேயே நின்றார்.

"அண்ணா, அதுக்கு மட்டும் ஒரு ஹாட் பிளக் போட்டா எரிஞ்சு போயிடும்ல?"

"எரியுமுங்க. ஆறு மாசம் ஓடும். ஆயில் இறங்குறது நிக்காதே."

பழைய பட்டறைகளில் இது தெரிந்த வித்தைதான். தேய்ந்த இன்ஜினுக்கு ஹாட் பிளக் போட்டு விற்பனை வரைக்கும் தள்ளுவார்கள். இவர் கம்ப்ரஷன் கேஜை எடுத்தார். மற்ற மூன்றும் ஏறக்குறைய ஒன்றாக நிற்க, மூன்றாவதில் முள் பாதியிலேயே நின்றது. துளை வழியாக ஒரு கரண்டி ஆயில் விட்டு மறுபடி பார்த்தபோது முள் ஏறியது. ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறாமலே இருந்திருந்தால் சந்தேகம் வால்வு மேல் போயிருக்கும். ஹீட் ரேஞ்ச் பற்றிய பேச்சே அங்கே எழவில்லை.

மதியம் செட்டிப்பாளையம் போனோம். மாருதி 800 இன்ஜினை வைத்து ஃபார்முலா மாருதி பந்தயக் காரை உருவாக்கிய கோவைக்காரர் கரிவரதனின் பெயரைத் தாங்கிய டிராக். அன்று பந்தயம் இல்லை, சொந்தக் காரைக் கொண்டுவந்து ஓட்டிப் பார்க்கும் நாள். ஓர் இளைஞரின் டர்போ பெட்ரோல் ஹாட்ச்பேக் நின்றது. இன்ஜின் கணினியான இசியுவை ரீமேப் செய்து 30 குதிரைத்திறன் போலக் கூட்டியிருக்கிறார். கம்பெனி பிளக் 7. நண்பர் சொன்னார் என்று இரிடியத்தில் 9 வாங்கி வைத்திருந்தார். இரிடியம் என்றால் கூலாக ஓடும் என்பதும் அவர் நம்பிக்கை. இரிடியம் 2400 டிகிரிக்கு மேல்தான் உருகும் என்பதால் நுனியை மெல்லியதாக வைக்கலாம், நாள்பட உழைக்கும். ஹீட் ரேஞ்சை அது தீர்மானிப்பதில்லை, அதே மூக்குதான் தீர்மானிக்கிறது.

என்ஜிகே சொல்லும் கைக்கணக்கு, 75 முதல் 100 குதிரைத்திறன் கூடினால் ஒரு எண் கோல்டாகப் போகலாம் என்பது. அந்தக் கணக்கில் இந்தக் காருக்கு மாற்றமே வேண்டாம். ஆனால் அது ரோட்டுக் கணக்கு. டிராக்கில் ஒவ்வொரு சுற்றும் முழு லோடு. மெக்கானிக் அந்தக் கைக்கணக்கையும் நம்பவில்லை, நண்பர் சொன்ன 9-ஐயும் நம்பவில்லை, புது 7 செட் ஒன்றை மாட்டி அனுப்பினார். சூடேறச் சில சுற்று, பிறகு நேர்பாதையில் முழு மிதியில் வந்து, கிளட்சை மிதித்து, இன்ஜினை அங்கேயே அணைத்து, உருண்டு ஓரம் கட்ட வேண்டும். ஐடிலில் ஓடி பிட்டுக்குத் திரும்பினால் பிளக் அந்த ஐடிலைத்தான் காட்டும். டர்போவைச் சூட்டோடு அணைப்பது அதற்கு நல்லதில்லை, ஆயில் ஓட்டம் நின்றுவிடும். அதனால் ஒரே முறை என்று முன்பே சொல்லிவிட்டார்.

வண்டியைக் கட்டி இழுத்து வந்தார்கள். கழற்றிய பிளக்கை, விளக்கு வைத்த பூதக்கண்ணாடிக்கு அடியில் பிடித்தார். பீங்கான் வெள்ளை. முன்பெல்லாம் ஈயம் கலந்த பெட்ரோலில் பீங்கானின் பழுப்பு நிறத்தை வைத்தே எல்லாம் சொல்லிவிடுவார்களாம். 2000-இல் ஈயம் போனது, இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். பீங்கானின் வெள்ளையை மட்டும் பார்த்து பயப்பட வேண்டியதில்லை. அவர் பார்த்தது வளைந்து நிற்கும் எர்த் கம்பியை. சூடு பட்ட இடம் வரை கம்பியின் நிறம் மாறி ஒரு கோடு விழுந்திருக்கும். கோடு வளைவில் நின்றால் சரி. நுனியில் நின்றால் பிளக் கோல்ட். இதில் வளைவைத் தாண்டி, கூட்டோடு ஒட்டிய அடிப்பக்கம் வரை இறங்கியிருந்தது. அடுத்தது பீங்கான் மேல் கறுப்பு, வெள்ளிப் பொட்டுகள் இருக்கிறதா என்று தேடினார். இருந்தால் அது நாக்கிங், பிஸ்டன் அலுமினியம் தெறிக்கிறது என்று அர்த்தம். அப்போது பிளக்கை விட்டுவிட்டு டைமிங்கையும் மேப்பையும்தான் பார்க்க வேண்டும். பொட்டு இல்லை.

"எட்டு போதும். ஒன்பது போட்டீங்கன்னா பிட்டுல நிக்கும்போதே கரி பிடிக்கும்."

8 அவர் பெட்டியிலேயே இருந்தது. இளைஞர் 9-ஐ டேஷ்போர்டில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார், அது விலை கூடிய சரக்கு. மாட்டும்போது மெக்கானிக் திரெட்டில் கிரீஸ் தடவ விடவில்லை. வழவழவென்று சுற்றி, தேவைக்கு மேல் இறுகி, அலுமினிய ஹெட்டின் திரெட் போய்விடும். கையால் முட்டும் வரை திருகி, டார்க் ரென்ச்சில் 25 முதல் 30 நியூட்டன் மீட்டர். ரென்ச் இல்லாதவர்களுக்கு, வாஷர் வைத்த புது பிளக் என்றால் கை இறுக்கத்துக்குப் பிறகு அரைச் சுற்று, மிஞ்சிப் போனால் முக்கால் சுற்றுக்குள். தளர்வாக விட்டால் சூடு ஹெட்டுக்குப் போக வழியில்லை, 8 என்று பெயர் வைத்த பிளக் 6 போல நடக்கும்.

8-ல் ஓடிய சுற்றுகளுக்குப் பிறகு கோடு வளைவுக்கு வந்திருந்தது. சாயங்காலம் இளைஞர் அப்படியே கிளம்பப் பார்த்தார். அவினாசி ரோட்டு நெரிசலில் முக்கால் மணி நேரம் ஊர்ந்து போக வேண்டிய வண்டி. மெக்கானிக் கூப்பிட்டு நிறுத்தினார். ஹெட் ஆறினதும் பழைய 7 செட்டை மாட்டிக் கொடுத்தார்.

"ஒவ்வொரு தடவையும் மாத்தணுமாண்ணா?"

"டிராக்குக்கு ஒரு செட்டு, ரோட்டுக்கு ஒரு செட்டு. பெட்டி மேல பேனாவுல எழுதி வெச்சுக்கோங்க, தம்பி. அந்த ஒன்பதைத் திருப்பி வாங்குவாங்களான்னு நாளைக்கே போய்க் கேட்டுப் பாருங்க."