நான்கு காட்டு நாடுகளின் ஏரியில்

ஏட்டில் கண்ட மலைக்கும் காலில் கண்ட மலைக்கும் இடையே எத்துணைத் தொலைவு உண்டு என்பதை நாற்பத்தாறாம் வயதில்தான் அறிந்துகொண்டேன். அறிய நேர்ந்த இடம் நம் மேற்குத் தொடர்ச்சி மலை அன்று. சுவிட்சர்லாந்தின் நடுவே, ஆல்ப்ஸ் மலைகளின் மடியில் கிடக்கும் லூசர்ன் ஏரி. ஆயினும் இக்கதை தொடங்குவது நம் கல்லூரி வகுப்பறை ஒன்றிலாகும்.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு பிற்பகல். முதுகலை முதலாண்டு மாணவியர்க்குக் குறிஞ்சிப்பாட்டு நடத்திக்கொண்டிருந்தேன். கபிலர் அடுக்கிச் சொல்லும் தொண்ணூற்றொன்பது பூக்களையும் மூச்சு விடாமல் ஒப்புவித்தேன். அதில் எனக்குப் பெருமையும் உண்டு. அப்போது கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தார். "ஐயா, இவற்றுள் எத்தனை பூக்களை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள்? மலையில் நடந்திருக்கிறீர்களா?" என்று கேட்டார். குரலில் குறும்பு இல்லை; அறியும் விருப்பமே இருந்தது. கடற்கரை ஊரில் பிறந்து, சமவெளியில் படித்து, பேருந்தின் சன்னல் வழியே மட்டும் மலையைக் கண்டவன் நான். உண்மையைச் சொல்லியிருக்கலாம். "தேர்வுக்கு வேண்டியதைக் கேள், அம்மா" என்றேன். வகுப்பு சிரித்தது. அவர் அமர்ந்தார். அந்த ஆண்டு முழுவதும் அவர் வேறு வினா எதுவும் கேட்கவில்லை.

2023ஆம் ஆண்டு கோடை விடுமுறையில், சூரிச் நகரில் கணினிப் பணி செய்யும் என் இளவல் அழைத்ததன் பேரில் அந்நாடு சென்றேன். அவனுக்கு விடுப்பு இல்லை. அண்டை வீட்டுப் பெரியவர் ஒருவரை எனக்குத் துணையாக அனுப்பினான். யாழ்ப்பாணத்தவர், 1985இல் அகதியாக வந்து, ஏரிக்கரை விடுதி ஒன்றின் சமையற்கட்டில் முப்பது ஆண்டுகள் உழைத்து ஓய்வு பெற்றவர். "முப்பது வருசமாய் இந்த மலையளைக் குசினி யன்னலாலைதான் பாத்தனான், தம்பி. இப்பதான் கால் வைக்கிறன்" என்றார். அவரை அண்ணன் என்றே அழைத்தேன்.

ஜெர்மன் மொழியில் இவ்வேரியின் பெயருக்கு 'நான்கு காட்டு நாடுகளின் ஏரி' என்று பொருள். ஊரி, ஷ்வீட்ஸ், உன்டர்வால்டன், லூசர்ன் என்பன அந்நான்கு நாடுகள். கடல் மட்டத்திலிருந்து 434 மீட்டர் உயரத்தில், ஏறத்தாழ 114 சதுரக் கிலோமீட்டர் பரப்பில், 214 மீட்டர் வரை ஆழ்ந்து கிடக்கிறது. பண்டைய பனியாறுகள் அகழ்ந்த பள்ளம் இது. வட்டமும் அன்று, நீள்சதுரமும் அன்று. மலைகளின் இடுக்குகளில் எல்லாம் கை நீட்டிக் கிடக்கும் வடிவம். தெற்கே ஃப்ளூவெலன் என்னும் ஊரருகே ரோய்ஸ் ஆறு உள்ளே புகுகிறது. வடமேற்கே லூசர்ன் நகரில் தெளிந்து வெளியேறுகிறது. அந்நகரில் ஆற்றின் குறுக்கே பதினான்காம் நூற்றாண்டில் அமைந்த மரப்பாலம் உள்ளது. 1993 ஆகஸ்டில் அதன் பெரும்பகுதி தீக்கிரையானது. அடுத்த ஆண்டே மீண்டும் எழுப்பிவிட்டனர். கரிந்த மரங்கள் சிலவற்றை அகற்றாமல் அப்படியே விட்டிருப்பதைக் கண்டேன்.

முதல் நாள் கப்பற்பயணம். இவ்வேரியில் துடுப்புச்சக்கர நீராவிக் கப்பல்கள் ஐந்து உள்ளன. மூத்தது 1901இலும், இளையது 1928இலும் ஓடத் தொடங்கியவை. நாங்கள் ஏறியது அந்த இளைய கப்பல். 1940 ஜூலையில், போர் நாட்டைச் சூழ்ந்திருந்த வேளையில், படைத்தலைவர் கீசான் தம் அதிகாரிகளை ரூட்லி புல்வெளிக்குக் கூட்டிச் சென்றது இக்கப்பலில்தான். தளத்தின் நடுவே திறந்த பள்ளத்தில் எந்திரத்தின் உருக்குத் தண்டுகள் மெருகு மின்ன இயங்குவதைச் சிறுவர்கள் கம்பியைப் பற்றிக்கொண்டு பார்க்கிறார்கள். நானும் பார்த்தேன்.

பிரன்னென் என்னும் ஊரைத் தாண்டியதும் ஏரி சட்டெனத் தெற்கே திரும்புகிறது. அதுவரை இருபுறமும் இருந்த தோட்டங்களும் வீடுகளும் மறைந்து, செங்குத்துப் பாறைகள் நீரிலிருந்தே எழுகின்றன. இப்பகுதியை ஊரி ஏரி என்பர். தெற்கு மலைகளைக் கடந்து இறங்கும் ஃபோன் என்னும் வெப்பக்காற்று சில நாள்களில் இங்கே கடலைப்போல் அலையெழுப்புமாம். இங்கு வீசும் காற்றுக்காகவே பாய்ப்பலகைச் சவாரி செய்வோர் தென்கோடிக்கு வருகின்றனர்.

ஏரி திரும்பும் மூலையில் நீரிலிருந்து ஓர் இயற்கைப் பாறைத்தூண் எழுந்து நிற்கிறது. அதன்மேல் பொன்னெழுத்துகள். வில்லியம் டெல்லைப் பாடிய ஷில்லருக்கு மூல நாடுகள் 1859இல் செய்த காணிக்கை அது. அதற்குச் சற்று அப்பால், மூன்று நாட்டார் 1291இல் கூடி உறுதிமொழி ஏற்றதாக மரபு கூறும் ரூட்லி புல்வெளி. அதற்கும் அப்பால், எதிர்க்கரையில், டெல் புயலினிடையே படகிலிருந்து பாறையில் தாவித் தப்பியதாகக் கதை கூறும் இடத்தில் ஒரு சிறு வழிபாட்டிடம்.

ஷில்லரின் நாடகம் 1804இல் அரங்கேறியது. அடுத்த ஆண்டே அவர் மறைந்தார். அவர் வாழ்நாளில் ஒருமுறைகூடச் சுவிட்சர்லாந்து மண்ணை மிதித்ததில்லை! இச்செய்தியை நினைவுகூர்ந்தபோது என் மனத்தில் இரகசியமாக ஒரு மகிழ்ச்சி எழுந்தது. காணாத ஏரியைப் பாடியவனுக்கு அவ்வேரியின் மக்களே கல்லில் பெயர் பொறித்தார்கள் எனின், காணாத மலையை நடத்திய ஆசிரியனை ஒரு மாணவி ஏன் வினவ வேண்டும்? பன்னிரண்டாண்டுக் கடன் அந்தத் தூணருகே தீர்ந்துவிட்டதாகவே எண்ணினேன்.

மறுநாள் ரீகி மலை. 'மலைகளின் அரசி' என்று பெயர் பெற்ற இம்மலையின் உயரம் ஏறத்தாழ 1,800 மீட்டர். ஏரிக்கரை ஊராகிய விட்ஸ்னாவிலிருந்து 1871இல் இங்கே ஓடத் தொடங்கிய பற்சக்கர இரயில், ஐரோப்பாவின் முதல் மலை இரயிலாகும். நிக்லாஸ் ரிகன்பாக் என்னும் பொறியாளரின் ஆக்கம். அமெரிக்க எழுத்தாளர் மார்க் டுவெய்ன், உச்சியில் சூரியோதயம் காண நடந்து ஏறி, வழியெல்லாம் உறங்கி, இறுதியில் அந்திச் சூரியனை உதயம் என்று நம்பி ஏமாந்த கதையை 1880இல் வெளியான தம் பயணநூலில் நகைச்சுவை ததும்பச் சொல்லியிருக்கிறார். நாங்கள் இரயிலில் ஏறி, நடந்து இறங்குவது என்று முடிவு செய்தோம். உச்சியில் நின்றால் லூசர்ன் ஏரி மட்டுமன்றிச் சூக் ஏரியும் லாவர்ஸ் ஏரியும் கண்ணுக்குத் தெரிகின்றன. தெற்கே வெண்பனிச் சிகரங்களின் நெடுவரிசை. மேலிருந்து வண்ணக் குடைகளில் மிதந்து இறங்குவோரும் உளர்.

நடைவழிகள்தோறும் மஞ்சள் பலகைகள் நிற்கின்றன. அவற்றில் தொலைவு இல்லை. நடக்க ஆகும் நேரமே குறிக்கப்பட்டுள்ளது. நாடு முழுவதும் இத்தகைய வழிகள் ஏறத்தாழ 65,000 கிலோமீட்டர். 1979இல் மக்கள் வாக்களித்து, நடைவழிகளைப் பேணுவதை அரசியலமைப்பிலேயே சேர்த்தனர். கூட்டமைப்பின் எழுநூறாம் ஆண்டான 1991இல், ஊரி ஏரியைச் சுற்றி 35 கிலோமீட்டர் வழி ஒன்றை அமைத்து, நாட்டின் ஒவ்வொருவர்க்கும் அதில் ஐந்து மில்லிமீட்டர் என்று பகிர்ந்தளித்தனராம். "எனக்கும் அதிலை ஒரு துண்டு இருக்கு, தம்பி" என்று அண்ணன் சிரித்தார்.

உச்சியிலிருந்து கால்ட்பாட் என்னும் இடம் வரை இன்பமான நடை. மாடுகளின் கழுத்துமணி ஓசை முதலில் வரும். மாடுகள் பிறகே தெரியும். அதன்கீழ் வெகிஸ் ஊரை நோக்கி ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் இறக்கம். அங்கே மஞ்சள் பலகையின் முனை வெள்ளை, சிவப்பு, வெள்ளை நிறம் கொள்கிறது. அது மலைப்பாதை என்பதற்கு அடையாளம். கால் மணி நேரம் நடந்திருப்போம். ஏரியிலிருந்து வெண்மையாக ஏதோ எழுந்து வந்தது. ஏரி மறைந்தது, மரங்கள் மறைந்தன, முன்னால் சென்ற அண்ணனின் முதுகும் மறைந்தது. என் பாதங்களை அன்றி வேறொன்றும் எனக்குத் தெரியவில்லை. இடப்புறம் சரிவு என்பது மட்டும் நினைவிருந்தது. உரக்க அழைத்தேன், என் குரலே எனக்கு அயலாக ஒலித்தது.

"அசையாமல் நில்லுங்கோ, தம்பி. பாதை ஓடிப்போகாது. புகார் விலகும்" என்று வெண்மைக்குள்ளிருந்து விடை வந்தது.

புகார் என்னும் சொல்லுக்கு மூடுபனி என்னும் பொருளை நிகண்டு வழியாக மட்டுமே அறிந்திருந்த எனக்கு, அச்சொல்லை வாழ்க்கையில் முதன்முறை ஒருவர் பேசக் கேட்டது அப்போதுதான். எவ்வளவு நேரம் நின்றேனோ அறியேன். முழங்கால்கள் நடுங்கின. பத்தடி முன்னே ஒரு பாறைமேல் வெள்ளை, சிவப்புப் பட்டை மெல்லத் தெரிந்தது. அதுவரை சென்றேன். பிறகு அடுத்த பட்டை. அவ்வாறே சென்று, ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து வாயிலாக நிற்கும் பெரும்பாறைகளின் கீழ் அண்ணனை அடைந்தேன். பழைய ஆறுகள் உருட்டிய கூழாங்கற்கள் ஒட்டி இறுகியதே அப்பாறை. அதைத் தடவியபடி நெடுநேரம் அமர்ந்திருந்தேன்.

குறிஞ்சித் தலைவன் இரவில் வரும் வழியின் இன்னாமையை இருபது ஆண்டுகள் நடத்தியிருக்கிறேன். தலைவி ஏன் அஞ்சுகிறாள் என்ற வினாவுக்கு ஐந்து மதிப்பெண் விடையும் எழுதித் தந்திருக்கிறேன். அந்த அச்சம் எத்தகையது என்பது அப்பாறையின் கீழ்த்தான் விளங்கியது. மற்றொன்றும் விளங்கியது. சமவெளி எதையும் மறைப்பதில்லை. மலை ஒவ்வொரு திருப்பத்திலும் ஒன்றை மறைத்து ஒன்றைக் காட்டுகிறது. பிறர் அறியாக் காதலை நம் புலவர்கள் மலைக்குரியதாக வைத்ததன் பொருத்தத்தை நான் அதுவரை விதியாகவே படித்திருந்தேன். அந்நிலம் குறிஞ்சி அன்று. அங்குள்ள பூக்களும் கபிலர் சொன்னவை அல்ல. எனினும் மலை என்னும் சொல் எனக்கு அன்றுதான் பொருள் பெற்றது.

ஷில்லரும் அங்கே மீண்டும் நினைவுக்கு வந்தார். முன்னாள் நான் வசதியாக மறந்த செய்தி ஒன்று உண்டு. 1797இல் இவ்வேரிக்கரையில் பயணம் செய்து திரும்பிய தம் நண்பர் கதேயிடம் கேட்டறிந்தும், சூடி என்பாரின் பழைய வரலாற்று நூலைக் கற்றுமே அவர் அந்நாடகத்தை எழுதினார். தாம் காணாததை அறிந்திருந்தார். ஆதலின் கண்டவரிடம் கேட்டார். நானோ, கேட்ட ஒருவரையும் வாயடைத்தேன். காணாமை குற்றம் அன்று. கண்டதுபோல் இருந்ததே குற்றம்.

பலகை குறித்த நேரத்தைப்போல் இருமடங்கு எடுத்துக்கொண்டு வெகிஸ் கரையை அடைந்தோம். புகார் விலகி வெயில் அடித்தது. ஜூன் மாதக் குளிர்நீரிலும் முதியவர்கள் நீந்திக்கொண்டிருந்தனர். இத்தெளிவும் இயற்கை தானே தந்தது அன்று. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அந்நாட்டு ஏரிகள் பல கழிவுநீரால் கெட்டன. 1953இல் நீர்ப்பாதுகாப்பை அரசியலமைப்பில் சேர்த்து, சுத்திகரிப்பு நிலையங்கள் கட்டி, 1986இல் சலவைத்தூளில் பாஸ்பேட்டைத் தடை செய்து, மீட்டெடுத்தார்கள். காலணியைக் கழற்றி வீங்கிய பாதங்களை நீரில் வைத்தேன். விரல்கள் ஒவ்வொன்றும் தெளிவாகத் தெரிந்தன.

கல்லூரி திறந்தபின் குறிஞ்சிப்பாட்டின் முதல் வகுப்பில், பாடத்துக்கு முன் இந்நிகழ்ச்சியைச் சொன்னேன். இப்போது ஆண்டுக்கொருமுறை மாணவியரை அண்மை மலைக்கு அழைத்துச் செல்கிறோம். செடியறிந்த மலைவாழ் பெரியவர் ஒருவர் வழிகாட்டுகிறார். நான் பின்னால் குறிப்பேட்டுடன் நடக்கிறேன்.

அன்று கேட்ட மாணவி இன்று எங்குள்ளார் என்று அறியேன். இம்மலர் அவர் கைக்கு எட்டுமாயின், பன்னிரண்டு ஆண்டுகள் தாழ்ந்த என் விடை இது: அம்மா, அன்று நான் ஒரு பூவையும் மலையில் கண்டதில்லை, நடந்ததும் இல்லை. இன்று தொண்ணூற்றொன்பதில் பதினான்கு பூக்களைக் கண்டிருக்கிறேன். எஞ்சியவற்றைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.