தங்கவயலில் கடல் எந்த ஆழத்தில் இருக்கிறது

வேலூர் லாங் பஜாரில் மளிகை மொத்த வியாபாரம் செய்கிற நண்பனின் கடையில், கல்லாவுக்குப் பின்னால் ஒரு படம் மாட்டியிருக்கிறது. லடாக்கில் கர்துங் லா கணவாயில், மஞ்சள் பலகைக்குப் பக்கத்தில் நாங்கள் நண்பர்கள் தோளோடு தோள் சேர்ந்து நிற்கிற படம். பலகையில் 18,380 அடி என்று எழுதியிருக்கும். மூட்டை இறக்க வந்த பெரியவர் ஒருவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். குடியாத்தம் பக்கம் அவருக்குச் சொந்த ஊர். "ஏறுனா போட்டோ புடிச்சி மாட்டுறீங்க நைனா. எங்கப்பாரு தெனமும் எறங்கனாரு, அத எவன் புடிச்சான்?" என்று கேட்டுவிட்டு அடுத்த மூட்டைக்குப் போய்விட்டார்.

எங்கே இறங்கினார் என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இல்லை. குடியாத்தம், பேரணாம்பட்டு, ஆம்பூர் வட்டாரத்தில் இறங்கினார் என்றால் கோலார் தங்கவயல்தான். என் தாத்தாவும் அங்கே சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் அண்டர்கிரவுண்டு வேலை பார்த்தவர். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஆயா அடிக்கடி சொல்வார்: "உங்க தாத்தா கடலுக்கும் கீழ போய் வந்தவருடா." மலைமேல் இருக்கிற ஊரில் கடல் எங்கிருந்து வந்தது என்று அப்போது யாரும் விளக்கவில்லை. வீட்டில் அது பெருமைப் பேச்சாகவே தங்கிவிட்டது. அந்தப் பேச்சு எங்கே தொடங்கியது, அதில் எவ்வளவு உண்மை என்று தேடிப் பார்க்கும் எண்ணம் அந்த மூட்டைக்காரர் கேட்ட கேள்வியிலிருந்துதான் வந்தது.

உயரத்தையும் ஆழத்தையும் நான் கொஞ்சம் அனுபவித்திருக்கிறேன். கர்துங் லாவில் ஷூ கயிறு கட்டக் குனிந்து நிமிர்ந்தால் மூச்சு இரைத்தது. அந்த உயரத்தில் காற்றின் அழுத்தம் கடற்கரையில் இருப்பதில் பாதிதான். எங்கள் ஓட்டுநர் இறங்கிய உடனேயே, அதிக நேரம் நிற்காதீர்கள், டீ குடித்துவிட்டுக் கிளம்புங்கள் என்று சொல்லிவிட்டார். கேரளத்தில் குட்டநாட்டில் அதற்கு நேரெதிர். ஆலப்புழையிலிருந்து படகில் போகும்போது கரைக்கு அந்தப்பக்கம் எட்டிப் பார்த்தால் நெல்வயல் நம் காலடிக்கும் கீழே கிடக்கிறது. தண்ணீர் மேலே, பயிர் கீழே. நடுவில் வெறும் மண் வரப்பு. கடல்மட்டத்துக்கு இரண்டு மூன்று மீட்டர் கீழே போய் விவசாயம் செய்கிற அந்த முறையை ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு 2013-இல் உலக வேளாண் மரபுகளில் ஒன்றாக ஏற்றுக்கொண்டது. இந்தியாவின் மிகத் தாழ்ந்த நிலம் இதுதான் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். தாத்தா அதற்கும் கீழே போனார் என்றால், எவ்வளவு கீழே?

அதற்கு முதலில் பூஜ்யம் எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டும். காட்பாடி ரயில் நிலையத்தின் மஞ்சள் பலகையில் ஊர்ப் பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் கடல்மட்ட உயரம் போட்டிருப்பதை எல்லோரும் பார்த்திருப்போம். அது எந்தக் கடலின் மட்டம்? கடல் ஒரு நாள்கூட ஒரே மட்டத்தில் நிற்பதில்லையே. 1858 முதல் 1909 வரை இந்திய நில அளவைத் துறையினர் நாடெங்கும் மட்டம் பார்த்துக்கொண்டே போனார்கள். கராச்சி முதல் இன்றைய ஒடிசாவின் ஃபால்ஸ் பாயின்ட் வரை ஒன்பது துறைமுகங்களில் கருவி வைத்து, ஏற்றவற்றத்தை வருடக்கணக்கில் பதிந்து, சராசரி எடுத்து, அதையே பூஜ்யம் என்று வைத்தார்கள். அந்த ஒன்பதில் இரண்டு நம்முடையவை: சென்னை, நாகப்பட்டினம். பாலாற்றங்கரையில் பிறந்து கடலை எப்போதோ ஒருமுறை பார்க்கிற எங்கள் ஊர்க்காரர்களின் தரைக்கும் கணக்கு நாகப்பட்டினத்து அலையிலிருந்துதான் தொடங்குகிறது என்பது எனக்குப் பெரிய செய்தியாக இருந்தது. வேலூர்த் தரை அந்த அலைக்கு இருநூறு மீட்டர் சொச்சம் மேலே இருக்கிறது.

கர்துங் லா பலகையையும் இதோடு சொல்லிவிடுகிறேன். பின்னால் செயற்கைக்கோள் கருவி வைத்து அளந்தவர்கள் அந்தக் கணவாயின் உயரம் 5,359 மீட்டர், அதாவது 17,582 அடி என்று கண்டார்கள். பலகைக்கும் மலைக்கும் ஏறக்குறைய எண்ணூறு அடி வித்தியாசம். ஆனால் உலகம் முழுவதும் படமாகப் போய்ச் சேர்ந்தது பலகையில் இருக்கிற எண்தான்.

காட்பாடியில் ரயில் ஏறினேன். ஆம்பூர், வாணியம்பாடி, ஜோலார்பேட்டை என்று ஒவ்வொரு பலகையிலும் எண் ஏறிக்கொண்டே போகும். ஜோலார்பேட்டை தாண்டிப் பச்சூர், மல்லானூர், குப்பம் வருவதற்குள் வண்டி திணறுவது உட்கார்ந்திருப்பவருக்கே தெரியும். பங்காரப்பேட்டையில் மாறி ஏறினால் கோரமண்டல், உரிகாம், சாம்பியன் என்று வரிசையாக வந்து மாரிகுப்பத்தில் பாதை முடிகிறது. சுரங்கத்துக்கென்றே 1894-இல் போட்ட கிளைப் பாதை இது. அங்கே தரை கடலுக்குச் சுமார் 850 மீட்டர் மேலே. இறங்கியதும் கண்ணில் படுவது சாம்பல் நிறத்தில் தட்டையான உச்சியோடு நிற்கிற சயனைடு மேடுகள். பாறையைப் பொடித்து, தங்கத்தைப் பிரித்து எடுத்தபின் கொட்டிய கழிவு அது. நூற்றிருபது ஆண்டுகள் ஆட்கள் கீழே இறங்கிய ஆழம் அங்கே மேலே குவிந்து கிடக்கிறது.

சாம்பியன் பக்கம் லைன் வீட்டில் ஓய்வுபெற்ற தொழிலாளர் ஒருவரைப் பார்த்தேன். வயது எண்பதைத் தாண்டியிருக்கும். பேச்சில் இன்னும் வட ஆற்காட்டு வாடை அப்படியே இருக்கிறது. சுரங்கத்துக்குள் ஆட்களை இறக்குகிற கேஜ் என்ற கூண்டைப் பற்றிக் கேட்டேன்.

"காது ரெண்டும் கப்புன்னு அடைச்சிக்கும் தம்பி. எச்சில முழுங்கிக்கினே போவணும். கேஜ் நின்னாப்புறமும் சும்மா நிக்காது. கம்பிக் கயிறு அம்மா நீளம் இல்ல, மேலயும் கீழயும் ஆடிக்கினே இருக்கும். புதுசா வந்தவன் அறுந்துடுச்சின்னே நெனைப்பான்."

"ஒரே கேஜ்ல அடிவரைக்கும் போயிடலாமா ஐயா?"

"எங்க போறது? பாதியில எறங்கி, உள்ளயே நடந்து, வேற கேஜ் புடிக்கணும். அப்புறம் இன்னொண்ணு. அடியில போய்ச் சேர்றதுக்குள்ளவே சட்டை நனஞ்சிடும். சட்ட எதுக்குன்னு கழட்டிப் போட்டுட்டுத்தான் வேலை."

சாம்பியன் ரீஃப் சுரங்கம் தரையிலிருந்து ஏறத்தாழ 3,200 மீட்டர் ஆழம் போயிற்று. ஒரு காலத்தில் உலகின் மிக ஆழமான சுரங்கங்களில் அது ஒன்று. அந்த அடியில் பாறையின் வெப்பம் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும். குளிர்வித்த காற்றை மேலிருந்து ஊதிக்கொண்டே இருந்தால்தான் ஆள் நிற்க முடியும். மேலே இருக்கிற பாறையின் பாரம் தாங்காமல் சுவர் திடீரென்று வெடித்துச் சிதறுவதும் உண்டு. ராக் பர்ஸ்ட் என்றால் தங்கவயலில் குழந்தைக்கும் தெரியும். லைன் வீடுகளின் தட்டுமுட்டுச் சாமான்கள் ஒருசேர அதிர்ந்தால், பெண்கள் வீட்டு வேலையை அப்படியே போட்டுவிட்டு ஷாஃப்ட் எனும் சுரங்க வாயை நோக்கி ஓடுவார்களாம். ஆயாவும் ஓடியவர்தான்.

இனி கணக்கு எளிது. தரை 850 மீட்டர் மேலே. அப்படியானால் கேஜ் முதல் 850 மீட்டர் இறங்கியதும் கடல்மட்டம் வந்துவிடுகிறது. முழுப் பயணத்தில் கால் பங்கு வழிதான் அது. அங்கிருந்து அடிவரைக்கும் இன்னும் 2,350 மீட்டர். பூமியின் தரைப்பரப்பில் மிகத் தாழ்ந்த இடமான சாக்கடலின் கரையே கடல்மட்டத்துக்கு ஏறக்குறைய 430 மீட்டர்தான் கீழே. உலகெங்குமிருந்து மக்கள் அங்கே போய் மிதந்து படம் எடுத்துக்கொள்கிறார்கள். அதைப்போல ஐந்து மடங்கு ஆழத்தில் வட ஆற்காட்டு ஆட்கள் ஷிப்ட் முடிக்கச் சங்கு ஊதும்வரை துளை போட்டுக்கொண்டிருந்தார்கள். தாத்தாவின் ஓய்வுத்தாளில் சாம்பியன் ரீஃப், அண்டர்கிரவுண்டு என்று மட்டும்தான் இருக்கிறது. எந்த லெவல் என்று இல்லை. ஆனால் அவர் காலத்தில் மேல் லெவல்களில் தங்கம் தீர்ந்து, வேலையெல்லாம் ஆழத்துக்குப் போய்விட்டது. ஆயா சொன்னது அடிக்கு அடி உண்மை. சுரங்க வரைபடம் வைத்திருந்த யாரோ ஒரு சர்வேயர் கேஜ் வாசலில் சொல்லியிருப்பார், அது லைன் வீடுகளில் பரவியிருக்கும் என்று நினைக்கிறேன்.

இறங்கத் தொடங்கியது யார்? தங்கவயல் வரலாறு என்றால் வழக்கமாக மைக்கேல் ஃபிட்ஸ்ஜெரால்ட் லாவெல் பெயரைச் சொல்வார்கள். நியூசிலாந்துப் போரில் பணியாற்றிவிட்டு பெங்களூரில் வந்து தங்கிய ஐரிஷ்காரர். 1875-இல் மைசூர் அரசிடம் உரிமம் வாங்கி உரிகாம் பக்கம் ஷாஃப்ட் தோண்டினார். பணம் கட்டுப்படியாகாமல் கைமாற்றிவிட்டார். 1880-இல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் வந்தபிறகுதான் பெருந்தொழில் ஆயிற்று. 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. இவையெல்லாம் எல்லாப் புத்தகத்திலும் இருப்பவை.

லாவெல் படித்துவிட்டு வந்த பழைய அறிக்கை ஒன்று உண்டு. அதை எழுதிய ஆளிடம்தான் என் தேடல் நின்று திரும்பியது. பெயர் ஜான் வாரன். பிறப்பால் பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயரின் 33-ஆம் படைப்பிரிவில் லெப்டினென்ட். அதே படைப்பிரிவைச் சேர்ந்த வில்லியம் லாம்டன் 1802 ஏப்ரல் 10 அன்று சென்னை பரங்கிமலைப் பக்கம் சங்கிலி போட்டு அளக்கத் தொடங்கினார். பின்னாளில் இமயமலையின் உயரத்தை அளந்து சொன்ன மாபெரும் முக்கோண அளவை அங்கேதான் பிறந்தது. வாரன் அந்த லாம்டனின் உதவியாளர். 1804-இல் பெங்களூரில் அந்த அளவைக்கு ஆதாரமான அடிக்கோட்டை அளந்தவர் இவரே. மைசூரின் கிழக்கு எல்லையை அளந்துகொண்டு வரும்போது, அதே 1802-இல், மாரிகுப்பத்தில் தங்கம் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு வந்து பார்த்தார்.

இந்த இடத்தில் எனக்கு உடம்பு சிலிர்த்தது. எவரெஸ்டின் உயரத்தைச் சொன்ன அளவையும், சாம்பியன் ரீஃபின் ஆழத்துக்கு வழிகாட்டிய முதல் அறிக்கையும், ஒரே ஆண்டில், ஒரே படைப்பிரிவுக்குள்ளிருந்து புறப்பட்டிருக்கின்றன. அளந்த நிலமும் நம்முடையது: பரங்கிமலையிலிருந்து பெங்களூர் வரை, வேலூர் வழியாக.

வாரன் அதன்பின் 1805 முதல் 1811 வரை சென்னை வானாய்வகத்தைக் கவனித்துக்கொண்டார். நம் பஞ்சாங்கக் கணக்குகளைப் பற்றி 'கால சங்கலித' என்ற நூலை 1825-இல் வெளியிட்டார். புதுச்சேரியில் ஒரு பஞ்சாங்கக்காரர் தரையில் சோழிகளை அடுக்கி, மனப்பாடமாக வைத்திருந்த வாய்பாட்டைக்கொண்டே சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டியதை அதில் பதிந்திருக்கிறார். அவர் வேலை பார்த்த சென்னை வானாய்வகத்தின் மரபு கொடைக்கானல் வழியாக வந்து இன்று நிற்பது வாணியம்பாடிக்குத் தெற்கே ஜவ்வாது மலைமேல் காவலூரில். தங்கவயல் சுரங்கத்துக்கும் வானியல் சொந்தம் இருக்கிறது. 1965-இல் அங்கே 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், வளிமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோவின் தடயத்தை டாட்டா ஆராய்ச்சி நிறுவனத்தார் ஜப்பான், இங்கிலாந்து விஞ்ஞானிகளோடு சேர்ந்து பிடித்தார்கள். மற்ற துகள்களையெல்லாம் மேலிருக்கும் பாறை தடுத்துவிடும் என்பதால் வானத்தைப் பார்க்க அவ்வளவு கீழே இறங்க வேண்டியிருந்தது. அந்தக் கருவிகளையும் அதே கேஜில் தொழிலாளர்கள்தான் இறக்கியிருப்பார்கள்.

வாரனுக்கு முன்னாலும் ஆள் உண்டு. மாரிகுப்பத்தில் அவர் பார்த்த குழிகளுக்கு முப்பது அடி, நாற்பத்தைந்து அடி ஆழம் இருந்தது. பறையர் சமூகத்து ஆட்கள் உள்ளே இறங்கிக் கல்லை உடைத்து, கூடையில் கைமாற்றிக் கைமாற்றி மேலே அனுப்ப, பெண்கள் பாறைமேல் வைத்துப் பொடித்தார்கள். நில அளவைக்காரர்களின் சங்கிலியும் தியோடலைட் கருவியும் வருவதற்கு முன்பே இறங்கிக்கொண்டிருந்தவர்கள் இவர்கள். இறக்கத்தின் தொடக்கம் எங்கே என்று கேட்டால் என் பதில் இந்தக் குழிகள்தான். லாவெல் பெயரில் பெங்களூரில் சாலை இருக்கிறது, லாம்டன் பெயர் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. குழியின் ஆழத்தை அடிக்கணக்கில் குறித்த வாரன்கூட உள்ளே இருந்த ஒருவருடைய பெயரையும் எழுதவில்லை.

2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கத்தை மூடினார்கள். நீர் இறைப்பது நின்றபிறகு அடி லெவல்கள் நீரில் மூழ்கிவிட்டன. தாத்தா நின்ற இடத்துக்கு இனி யாரும் போக முடியாது. ஆனால் தேட இன்னொரு இடம் இருக்கிறது. மாரிகுப்பத்தில் சாக்கிய பௌத்த சங்கம் வைத்து, அயோத்திதாசர் 1907-இல் தொடங்கிய 'ஒரு பைசாத் தமிழன்' இதழைப் படித்ததும் இந்தத் தொழிலாளர்கள்தான். பின்னாளில் ஜி. அப்பாதுரையார் 'தமிழன்' இதழைத் தங்கவயலிலிருந்தே நடத்தினார். சாம்பியன் ரீஃபில் இருந்த சித்தார்த்தா புத்தகசாலை நூல்களும் வெளியிட்டது. அந்த இதழ்களில் கூட்டச் செய்தி, சந்தா, மரணச் செய்தி என்று பெயர்கள் அச்சாகியிருக்க வேண்டும். மூட்டைக்காரர் பிறகு தன் அப்பாவின் பெயரை எனக்குச் சொல்லியிருக்கிறார். என் தாத்தாவின் பெயரோடு அதையும் எழுதிக்கொண்டு, பழைய தமிழன் இதழ்களை ஒவ்வொன்றாகப் பார்க்கத் தொடங்கியிருக்கிறேன்.