ரத்தம் தேதி சொல்லாது

நாக்பூரில் ஒரு வாடகை வீட்டின் சாப்பாட்டு மேஜை மீது அந்தக் காகிதம் மூன்று நாட்களாகக் கிடந்தது. இரண்டாவது முறையும் கரு கலைந்த பிறகு மருத்துவமனையில் எழுதிக்கொடுத்த 'டார்ச்' ரத்தப் பரிசோதனையின் முடிவு. சில தொற்றுகளின் ஆங்கில முதலெழுத்துகளைக் கோத்த பெயர் அது; கடைசி எழுத்து ஹெர்ப்பிஸ். அதற்கு எதிரே ஐஜிஜி பாசிட்டிவ், ஐஜிஎம் பாசிட்டிவ். ஐஜிஎம் இருந்தால் அண்மையில் வந்த தொற்று என்று கீழே ஒரு குறிப்பு வேறு.

ஹெர்ப்பிஸ் என்றதும் கணவனுக்கு நினைவு வந்தவை ரயில் பாதையோரச் சுவர்களின் 'குப்த ரோக' விளம்பரங்கள். அவன் எதுவும் கேட்கவில்லை. படுக்கையை மட்டும் கூடத்துக்கு மாற்றிக்கொண்டான். அவளும் கேட்கவில்லை. அவன் வேலை நிமித்தம் ராய்ப்பூரில் தங்கிய மாதங்களை மனத்துக்குள் எண்ணிப் பார்த்தாள். கலைந்துபோன குழந்தைக்காகச் சேர்ந்து அழக்கூட முடியாமல் போயிற்று.

நான்காம் நாள் வேறொரு பெண் மருத்துவரிடம் போனார்கள். அவர் முதலில் கேட்டது இதைத்தான்: "சின்ன வயதில் காய்ச்சல் வந்தால் உதட்டோரம் கொப்புளம் வருமா?" வரும். அம்மா நெய் தடவிவிடுவாள்.

அதுவும் ஹெர்ப்பிஸ்தான், முதல் வகை. உலகில் 50 வயதுக்குட்பட்டவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பேரிடம் அது இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. பெரும்பாலும் குழந்தைப் பருவத்திலேயே, கொஞ்சி முத்தமிடுகிறவர்களிடமிருந்து வந்துவிடுகிறது. இரண்டாம் வகைதான் முக்கியமாகப் பாலுறவு மூலம் பரவுவது. அவர்கள் கையிலிருந்த சோதனை இரண்டையும் சேர்த்தே பார்த்திருந்தது. ஐஜிஎம்மையும் நம்ப முடியாது. பழைய வைரஸ் மீண்டும் தலைதூக்கும்போதும் அது தென்படும், வகைகளையும் குழப்பிவிடும். புண் இருந்தால் அதிலிருந்தே மாதிரி எடுத்து பிசிஆர் முறையில் பார்க்கலாம். அவளுக்குப் புண்ணே இல்லை.

வகை பிரித்துப் பார்க்கும் ஐஜிஜி சோதனை செய்தார்கள். முதல் வகை தெளிவாக பாசிட்டிவ். இரண்டாம் வகையில் எண் 1.6. பல பரிசோதனைக் கூடங்களில் 0.9க்குக் கீழே என்றால் இல்லை, 1.1க்கு மேலே என்றால் உண்டு. கணவனின் முகம் மறுபடியும் இருண்டது.

"3க்குக் கீழே உள்ள எண்ணை வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள்," என்றார் மருத்துவர். அப்படிப்பட்ட முடிவை வேறொரு முறையில் சோதித்து உறுதி செய்ய வேண்டும் என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் 2021 வழிகாட்டியும் சொல்கிறது. புதிய தொற்றாக இருந்தால் எதிர்ப்பொருள் ரத்தத்தில் தென்பட 12 வாரம் வரை ஆகலாம். அதனால் காத்திருக்கச் சொன்னார். இன்னொன்றும் சொன்னார்: "இருந்தாலும்கூட எப்போது வந்தது, யாரிடமிருந்து வந்தது என்று ரத்தம் சொல்லாது. அறிகுறியே இல்லாமல் ஆண்டுக்கணக்கில் இருக்கும். கரு கலைந்ததற்கும் இந்தக் காகிதத்துக்கும் முடிச்சுப் போடாதீர்கள்."

12 வாரம் கழித்து வேறு முறையில் பார்த்தபோது இரண்டாம் வகை இல்லை.

அன்றிரவு அவன் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு உள்ளே வந்தான். அவள் நகர்ந்து இடம் விட்டாள். "காகிதத்தை நம்பினீர்கள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை," என்றாள். ராய்ப்பூர் மாதங்களைத் தான் எண்ணிப் பார்த்ததை அவள் சொல்லவில்லை.