வேப்பேரியில் மணி அப்பா

காலை எட்டரைக்கே வரிசை வாசல்வரை நீண்டுவிட்டது. சென்னை வேப்பேரி, கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் சிறு விலங்குகள் பிரிவு. 1903இல் தொடங்கிய கல்லூரி இது. ஓ.பி. சீட்டுக்கு நிற்பவர்களில் சிலர் கையில் கயிறு, சிலர் கையில் கூடை. கொழுத்த லாப்ரடார் ஒன்று, காது கிழிந்த நாட்டு நாய்கள், துண்டில் சுற்றிய பூனைக்குட்டி, கூண்டுக்குள் ஒரு ஜோடி லவ் பேர்ட்ஸ்.

செல்லப்பிராணி வளர்த்தால் தனிமை குறையும், வேலைச் சோர்வு தணியும் என்று எங்கு பார்த்தாலும் எழுதுகிறார்கள். அது உண்மையா என்று பார்க்க பெசன்ட் நகர்க் கடற்கரைக்குப் போயிருக்கலாம். அங்கே நாய்கள் குளித்துச் சீவி அழகாக வரும். இங்கே வருகிறவர்களோ பாதி நாள் சம்பளத்தையும் தூக்கத்தையும் விட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். இந்தப் பிணைப்பின் எடை இங்கேதான் தெரியும் என்று நினைத்தேன்.

மர நிழலில் ஒரு பெரியவர். பெரம்பூர்க்காரர், ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் காலடியில் செம்பட்டை நிற நாட்டு நாய், மணி. மனைவி சோறு வைத்துப் பழக்கிய தெரு நாய்தானாம். மனைவி இறந்த பிறகு மணி வீட்டுக்குள் வந்துவிட்டது. மகன் வெளிநாட்டில்.

“காலைல அஞ்சரை ஆனா மூஞ்சிகிட்ட வந்து நிப்பான். எழுந்திரிச்சே ஆகணும். அவ போன புதுசுல பத்து மணி வரைக்கும் படுத்தே கெடப்பேன். கேக்க ஆளில்ல” என்றார்.

எந்த ஆராய்ச்சிக் கட்டுரையையும்விட இந்த ‘எழுந்திரிச்சே ஆகணும்’ எனக்கு நிறையச் சொன்னது. நாய் நமக்கு அன்பைக் கொடுக்கிறது என்பதைத்தான் எல்லாரும் பேசுகிறோம். அது நம்மிடம் கேட்பதுதான் பெரிய மருந்து என்று எனக்குத் தோன்றுகிறது. தனியாக வாழ்கிறவரிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. மணி கேட்கிறது: நேரத்துக்குச் சோறு, நேரத்துக்கு வாசல், நேரத்துக்கு நடை.

பெரியவரின் முறை வர நேரமிருந்தது. பக்கத்தில் ஒரு செவிலியர், ராத்திரி ட்யூட்டி முடித்து நேராக வந்தவர். மடியில் பிளாஸ்டிக் கூடை, அதற்குள் மூன்று நிறப் பூனை. இரண்டு நாளாகச் சாப்பிடவில்லையாம். வேலைச் சோர்வைப் பற்றிக் கேட்டேன். கொஞ்ச நேரம் கூடையைத் தடவிக்கொண்டே இருந்துவிட்டுச் சொன்னார்:

“வார்டுல எவ்வளவு செஞ்சாலும் முடியாது சார். ஒரு பெட் காலியானா அடுத்த பேஷன்ட். இவளுக்குச் சாப்பாடு வச்சா தட்டு காலியாயிடும். அதோட அந்த வேலை முடிஞ்சிடும். ஒரு நாளைக்கு அந்த ஒண்ணாவது முடியுதுல்ல.”

வேலைச் சோர்வை உலக சுகாதார நிறுவனம் 2019இல் வகைப்படுத்தியபோது நோய் என்று சொல்லவில்லை, வேலை சார்ந்த ஒரு நிலை என்றது. உடலும் மனமும் வற்றிப்போவது, செய்யும் வேலையிலிருந்து மனம் விலகுவது, என்ன செய்தும் பயனில்லை என்று தோன்றுவது ஆகிய மூன்றும் அதன் அடையாளங்கள். மூன்றாவதைத்தான் அந்தச் செவிலியர் தன் வார்த்தையில் சொன்னார். முடிவில்லாத வேலைக்கு நடுவே கண்ணெதிரே முடிகிற ஒரு சிறு வேலை. அதுவும் ஓர் உயிருக்காக.

தொடுவதற்கும் பங்கு உண்டு. வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் 249 மாணவர்களை வைத்துச் செய்து 2019இல் வெளிவந்த ஆய்வில், பத்து நிமிடம் பூனை, நாய்களைத் தடவிக்கொடுத்தவர்களின் உமிழ்நீரில் கார்டிசோல் என்னும் அழுத்த ஹார்மோன் குறைந்திருந்தது. அதற்கு வெகு முன்பே, 1980இல், எரிகா ஃப்ரீட்மன் குழுவினர் இதய நோய்க்குச் சிகிச்சை பெற்ற 92 பேரை ஓராண்டு கவனித்தார்கள். பிராணி வளர்த்த 53 பேரில் 3 பேர் இறந்தார்கள். வளர்க்காத 39 பேரில் 11 பேர். சிறிய ஆய்வு. பின்னால் வந்தவை எல்லாம் இதையே சொல்லவுமில்லை. ஆகவே இதை மாத்திரைச் சீட்டாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது.

அப்படி எடுத்துக்கொண்டதால் வந்த வினையும் அந்த வரிசையிலேயே இருந்தது. சைபீரியன் ஹஸ்கி ஒன்று நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு மூச்சு வாங்கியது. பனிநாட்டுக்கென்று அமைந்த இரட்டை ரோமம். இருப்பதோ சென்னை வெயிலில். கூட வந்த இளைஞர் அதை வாங்கியவர் இல்லை. கொரோனா ஊரடங்கில் தனிமை தாங்காமல் யாரோ வாங்கி, அலுவலகம் திறந்ததும் கைவிட்டதை இவர் எடுத்து வளர்க்கிறார். நாய் பத்துப் பன்னிரண்டு ஆண்டு வாழும். பன்னிரண்டு மணி நேரம் பூட்டிய ஃபிளாட்டில் கிடந்தால் அதற்கும் தனிமைதான். நம் தனிமையை அதன் தலையில் கட்டுவது நியாயமே இல்லை. வளர்க்க முடியாதவர்கள் தெரு நாய் ஒன்றுக்குத் தினமும் தண்ணீர் வைக்கலாம். மணியின் கதை தொடங்கியதும் அப்படித்தானே.

“மணி அப்பா யாரு? வாங்க!” என்று உள்ளேயிருந்து குரல். இங்கே யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. பெரியவர் சட்டென்று எழுந்தார்.

பயிற்சி மருத்துவர் ஒருவர் கேட்கக் கேட்கப் பெரியவர் தடங்கலில்லாமல் பதில் சொன்னார். எப்போது கடைசியாகச் சாப்பிட்டது, எத்தனை முறை வாந்தி, என்ன நிறம், கடந்த முறை எந்தத் தடுப்பூசி. நோட்டுப் புத்தகத்தில் தேதி வாரியாக எழுதியும் வைத்திருந்தார். அந்த மருத்துவருக்கு அது பிடித்துப்போயிற்று.

“உங்க சுகர் எப்பங்க ஐயா பாத்தீங்க?” என்றார். மேசைமேல் பெரியவர் வைத்த பையில் மாத்திரை அட்டை தெரிந்திருக்க வேண்டும்.

“அது கெடக்குதும்மா.”

“கெடக்கக் கூடாது. ராத்திரி மணிக்கு மருந்து குடுக்க நீங்க நல்லா இருக்கணும்ல?”

அதற்கு அவரிடம் பதில் இல்லை. நோட்டைப் பிரித்து, மணிக்குக் கொடுக்கவேண்டிய மருந்துகளுக்குக் கீழேயே, ‘சுகர் டெஸ்ட், திங்கள்’ என்று எழுதிக்கொண்டார்.

வெளியே வந்தால் ஆட்டோ பிரச்சினை. நாயென்றால் பலரும் நிறுத்துவதில்லை. நிறுத்திய ஒருவரும் ஐம்பது ரூபாய் கூடுதலாகக் கேட்டார். பெரியவர் பேரம் பேசிக்கொண்டிருக்கையில், பூனைக்கு ஊசி போட்டு முடித்துச் செவிலியரும் வந்துவிட்டார்.

“நான் ஓட்டேரிதான் ஐயா. போற வழிதானே, சேந்து போயிடலாம்.”

“பூனைய இவன் ஒண்ணும் பண்ணிட மாட்டானே?”

“கூடைய மடியிலயே வச்சுக்கறேன். நீங்க மணிய அந்தப் பக்கமா பிடிச்சுக்கோங்க.”

மணி முதலில் ஏறியது. ஆட்டோ கிளம்பும்போது இருவரும், எந்தக் கடையில் கோழித் தலை மலிவு என்று பேசத் தொடங்கியிருந்தார்கள்.